நீண்ட நேரம் ஓடும் நிரலின் வெளியீட்டை, நம் நிரல் உறையாமல் படிப்பது எப்படி?

கேட்டவரின் நிலைமையை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். பல மணி நேரம் ஓடும் ஒரு கணக்கீட்டு நிரலை, பைத்தானிலிருந்து வேறு நிரல்களைத் தொடங்க உதவும் சப்பிராசஸ் மாட்யூல் வழியாக அவர் தொடங்குகிறார். அந்த நிரல் ஒவ்வொரு படி முடிந்ததும் ஒரு வரி எழுதுகிறது. டெர்மினலில் நேரடியாக ஓட்டினால் வரிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஆனால் தம் நிரலில், ஒரு வரி படிக்கும் ரீட்லைன் செயல்கூறை அழைத்தவுடன், டிகேஇன்டர் நூலகத்தால் அமைத்த சாளரம் உறைந்துவிடுகிறது. தனி த்ரெட்டில், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னோர் இழையில், படித்துப் பார்த்தபோது சாளரம் உறையவில்லை. இருந்தும் லினக்ஸில் நெடுநேரம் எதுவும் வராமல் இருந்து, அறுபது எழுபது வரிகள் மொத்தமாக வந்து விழுகின்றன. லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓட வேண்டும் என்கிறார். காத்திருக்காமல் படிக்கும் ரீட்லைன் உண்டா என்பது அவர் கேள்வி.

கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும், இதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. வரி வரும்வரை தாய் நிரல் (தொடங்கி வைக்கும் பைத்தான் நிரல்) முடங்காமல் இருப்பது எப்படி என்பது ஒன்று. சேய் நிரல் (அது தொடங்கும் கணக்கீட்டு நிரல்) எழுதிய வரி ஏன் உடனே வந்து சேரவில்லை என்பது இன்னொன்று. முதலாவதற்கு மருந்து தாய் நிரலில் இருக்கிறது, இரண்டாவதற்கு மருந்து சேய் நிரலின் பக்கம் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான், தாய் நிரலில் ஒன்றை மாற்றி ஒன்றை முயன்று பலர் நாள்கணக்கில் அலைகிறார்கள். நீங்கள் த்ரெட் போட்டபோதே முதல் சிக்கல் தீர்ந்துவிட்டது. அதற்குப் பின்னும் மிஞ்சியிருப்பது இரண்டாவது சிக்கல். அதை எந்த வகை ரீட்லைனும் தீர்க்காது.

முதல் சிக்கலிலிருந்து தொடங்குகிறேன். தாய்க்கும் சேய்க்கும் இடையில் இருப்பது, இயங்குதளத்தின் கருவான கெர்னல் பராமரிக்கும் ஒரு பைப், அதாவது ஒருவர் எழுதுவதை மற்றவர் படிக்கும் குழாய். பைப்பில் எதுவும் இல்லாதபோது படிக்க முயன்றால், ஏதாவது வரும்வரை, அல்லது எழுதும் முனைகள் எல்லாம் மூடப்படும்வரை, படிப்பவரை கெர்னல் உறங்க வைக்கிறது. ரீட்லைன் அதற்கு மேலும் ஒரு படி போய், வரி முடிவுக் குறி வரும்வரை காத்திருக்கும். இந்தக் காத்திருப்பு சாளரத்தை நடத்தும் முதன்மை த்ரெட்டில் நடந்தால், பொத்தான் அழுத்தம், திரை வரைதல் எல்லாம் நின்றுபோகும். சப்பிராசஸ் மாட்யூல் 2004-இல் பைத்தான் 2.4-உடன் வந்தது, அன்று முதல், சேய் நிரலைத் தொடங்கும் அதன் போபென் வகுப்பில் காத்திருக்காத ரீட்லைன் என்று ஒன்று இருந்ததில்லை. அப்படி ஒன்றைச் சேர்க்க முன்மொழிந்த 3145-ஆம் எண் பெப், அதாவது பைத்தான் மேம்பாட்டு ஆவணம், பின்னர் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே நேர் விடை, இல்லை என்பதே.

அதற்கு மாற்றாக, இரண்டு இயங்குதளங்களிலும் ஒரே மாதிரி நடக்கும் வழியாக நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவது த்ரெட்டும், த்ரெட்டுகளுக்கிடையே தரவைக் கைமாற்றும் வரிசையான கியூவும் சேர்ந்த ஏற்பாடுதான். படிப்பதற்கென்றே ஒரு டீமன் த்ரெட் (முதன்மை நிரல் முடிந்தால் தானும் முடிந்துவிடும் த்ரெட்) தொடங்க வேண்டும். அது ரீட்லைனில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம், அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. வந்த வரியை அது கியூவில் போடும். ரீட்லைன் எதுவுமில்லாத வெற்றுப் பைட் சரத்தைத் திருப்பினால் பைப் முடிந்துவிட்டது என்று பொருள். அப்போது கியூவில், எதுவும் இல்லை என்று குறிக்கும் நன் என்ற மதிப்பைக் கடைசி அடையாளமாகப் போட்டுவிட்டு த்ரெட் விடைபெறும். முதன்மை த்ரெட்டில், டிகேஇன்டரின் ஆஃப்டர் முறையைக் கொண்டு 100 மில்லி நொடிக்கு ஒருமுறை, காத்திருக்காமல் எடுக்கும் கெட்நோவெயிட் அழைத்து, கியூவில் இருப்பதை எடுத்துச் சாளரத்தில் காட்டலாம். கியூ காலியானால் எம்ப்டி என்ற விதிவிலக்கு எழும், அதைப் பிடித்துவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருக்கலாம். படிக்கும் த்ரெட்டிலிருந்து சாளரத்தின் எந்த உறுப்பையும் நேரடியாகத் தொடாதீர்கள். சில கணினிகளில் அது நடப்பதுபோலத் தோன்றும். அதை நம்பி வெளியிட்ட நிரல் வேறொருவர் கணினியில் காரணம் தெரியாமல் விழும். கியூவுக்கு ஒரு மேல்வரம்பு வைப்பதும் நல்லது. வரம்பு நிரம்பினால் த்ரெட் நிற்கும், பைப் நிரம்பும், சேய் நிரல் எழுதும் இடத்தில் சற்றுக் காத்திருக்கும். உங்கள் நினைவகம் காப்பாற்றப்படும். ஒரு முறை கியூவைத் திறக்கும்போது இத்தனை வரிகளுக்கு மேல் எடுப்பதில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெள்ளம்போல் வரிகள் வரும் நேரத்தில் சாளரம் மீண்டும் திணறும்.

வேறு வழிகளும் உண்டு. லினக்ஸில் பைப்பை, காத்திருக்க வைக்காத நான்பிளாக்கிங் நிலைக்கு மாற்றலாம்; பைத்தான் 3.5 முதல் ஓஎஸ் மாட்யூலில் உள்ள செட்பிளாக்கிங் அதைச் செய்கிறது, விண்டோஸ் பைப்புகளுக்கு அந்த வசதி 3.12-இல்தான் வந்தது. எதில் படிக்கத் தரவு இருக்கிறது என்று சொல்லும் செலக்ட் அழைப்பும் லினக்ஸில் பயன்படும். விண்டோஸில் அது பிணைய இணைப்புக்கான சாக்கெட்டுகளுக்கு மட்டுமே வேலை செய்யும், பைப்புகளுக்கு உதவாது. இவற்றில் ஒரு பொறி இருக்கிறது. போபென் தரும் எஸ்டிடிஅவுட், அதாவது சேயின் இயல்பான வெளியீடு, பைத்தானின் பஃபர் (தற்காலிகத் தேக்கிடம்) கொண்ட கோப்புப் பொருள். நீங்கள் ஒரு வரி கேட்டால் அது பைப்பிலிருந்து ஒரே மூச்சில் நிறைய எடுத்து, முதல் வரியை உங்களிடம் கொடுத்துவிட்டு, மீதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்து செலக்டிடம் கேட்டால், பைப் காலி என்று அது உண்மையைத்தான் சொல்லும். வரிகளோ பைத்தானின் பஃபரில் தேங்கிக் கிடக்கும். ஆகவே செலக்ட் பயன்படுத்துபவர்கள் ரீட்லைனைக் கைவிட்டு, ஓஎஸ் மாட்யூலின் ரீட் அழைப்பால் கோப்பு எண்ணிலிருந்து நேரடியாகப் படித்து, வரிகளைத் தாமே பிரிக்க வேண்டும். காத்திருப்புகளை ஒரே சுழற்சியில் கையாளும் பைத்தானின் அசிங்க்ஐஓ மாட்யூல் இந்த வேலையை எல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். விண்டோஸில் இதற்கு வேண்டிய புரோஆக்டர் சுழற்சி 3.8 முதல் இயல்பாகவே அமைந்துள்ளது. உங்கள் நிரல் முழுவதும் அசிங்க்ஐஓ மீது கட்டப்பட்டதாக இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஒரு வரி 64 கிலோபைட்டைத் தாண்டினால் அதன் ரீட்லைன் பிழை எழுப்பும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டிகேஇன்டருக்கென்று தனிச் சுழற்சி இருப்பதால், இரண்டையும் இணைக்கும் சிரமத்தை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி இரண்டாவது சிக்கல். உங்களை உண்மையில் வாட்டுவது இதுதான் என்று நினைக்கிறேன். சி மொழியின் நிலையான நூலகம், எஸ்டிடிஅவுட் ஒரு டெர்மினலுடன் இணைந்திருந்தால் வரி முடிந்ததும் அதை வெளியே தள்ளும். அது ஒரு பைப்புடனோ கோப்புடனோ இணைந்திருந்தால், ஒரு பஃபர் நிரம்பும்வரை எல்லாவற்றையும் தன் நினைவகத்திலேயே சேர்த்து வைக்கும். ஒவ்வொரு வரிக்கும் கெர்னலை அழைப்பது செலவு மிக்கது என்பதால் செய்யப்பட்ட நியாயமான ஏற்பாடு இது. பிழைச் செய்திகளுக்கான எஸ்டிடிஎர்ர் மட்டும் இதற்கு விலக்கு; அதில் எழுதுவது உடனுக்குடன் வெளியே போகும். கடிதத்தை எழுதிச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவரிடமிருந்து எந்தத் தபால்காரரும் அதை எடுத்து வர முடியாததுபோல, பைப்புக்கு இன்னும் வந்து சேராத வரியைப் படிக்க தாய் நிரலுக்கு வழியே இல்லை.

லினக்ஸில் ஜிலிப்சி என்ற சி நூலகம் பைப்புக்கு ஒதுக்கும் பஃபர் 4096 பைட். உங்கள் நிரல் எழுதும் ஒரு வரி சுமார் 60 எழுத்து நீளம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பஃபரில் அடங்குவது ஏறத்தாழ 68 வரிகள். நீங்கள் சொன்ன அறுபது எழுபது வரிகள் என்ற அளவோடு இது பொருந்துகிறது. இந்தப் பொருத்தம் வலுவான அறிகுறி, ஆனால் நிரூபணம் ஆகாது. சேய் நிரல் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று கேள்வியில் இல்லை; படிகளே கொத்தாக முடியும் வகையில் அந்தக் கணக்கீடு அமைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. டெர்மினலில் வரிகள் ஒவ்வொன்றாக வருகின்றன என்று நீங்கள் சொல்வதால் அந்த வாய்ப்பு குறைவு என்றே மதிப்பிடுகிறேன்.

ஊகத்தில் நிற்க வேண்டிய தேவையும் இல்லை. லினக்ஸ் டெர்மினலில் அந்த நிரலைத் தனியாக ஓட்டாமல், அதன் வெளியீட்டை ஒரு பைப் குறியிட்டு கேட் கட்டளைக்கு அனுப்பிப் பாருங்கள். கேட் வந்ததை அப்படியே காட்டும்; அது எதையும் தேக்கி வைக்காது. இப்போதும் வரிகள் கொத்துக் கொத்தாக வந்தால் பைத்தானுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, சேய் நிரல்தான் தேக்குகிறது. வரிகள் ஒவ்வொன்றாக வந்தால் மட்டும் உங்கள் நிரலைச் சந்தேகியுங்கள். இன்னும் துல்லியமாகப் பார்க்க விரும்பினால், ஒரு நிரல் கெர்னலை அழைப்பதைப் பட்டியலிடும் எஸ்டிரேஸ் கருவியில் ரைட் அழைப்புகளை மட்டும் காட்டச் சொல்லி ஓட்டுங்கள்; எத்தனை பைட் எப்போது பைப்புக்குப் போனது என்பது கண்முன் தெரியும். 4096 என்ற எண் மீண்டும் மீண்டும் வருமானால் விசாரணை முடிந்தது.

பலரும் இந்தக் கட்டத்தில் போபெனின் பஃப்சைஸ் அளவுருவை 1 என்றோ 0 என்றோ மாற்றிப் பார்ப்பார்கள். அந்த அளவுரு தாய் நிரலின் பக்கத்தில் உள்ள கோப்புப் பொருளுக்கானது. சேய் நிரலின் உள்ளே இருக்கும் பஃபருக்கு அது எட்டாது. 1 என்ற மதிப்புக்கு உரைநிலையில் மட்டுமே பொருளும் உண்டு.

சேய் நிரலின் மூலநிரல் உங்கள் கையில் இருந்தால் தீர்வு எளிது. சி என்றால் வரி எழுதியதும், பஃபரைக் காலி செய்யும் எஃப்ஃபிளஷ் அழைக்கலாம், அல்லது தொடக்கத்திலேயே செட்விபஃப் மூலம் வரிப் பஃபருக்கு மாற்றலாம். விண்டோஸில் ஒரு கூடுதல் எச்சரிக்கை: மைக்ரோசாஃப்டின் சி நூலகம் வரிப் பஃபர் நிலையை முழுப் பஃபர் நிலையாகவே நடத்துகிறது, ஆகவே அங்கே செட்விபஃப் மாற்றத்தை நம்பாமல் எஃப்ஃபிளஷையே நம்புங்கள். சி பிளஸ் பிளஸ் என்றால் வரி முடிவுக் குறிக்குப் பதில் எண்டுஎல் போட்டால் பஃபரும் சேர்ந்து காலியாகும். சேய் நிரலும் பைத்தானாக இருந்தால் பிரிண்ட் அழைப்பில் ஃபிளஷ் அளவுருவைத் தரலாம். மூலநிரலையே தொடாமல், ஹைஃபன் யூ விருப்பத்துடன் ஓட்டினாலோ, பைத்தான்அன்பஃபர்டு என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்பு கொடுத்தாலோ அதுவும் போதும். கணக்கீட்டு நிரல் என்பதால் ஃபோர்ட்ரானாக இருக்கவும் கூடும். ஜிஃபோர்ட்ரானில் தொகுக்கப்பட்டிருந்தால், ஜிஃபோர்ட்ரான் அன்பஃபர்டு ஆல் என்று அடிக்கோடுகளால் இணைத்து எழுதப்படும் சூழல் மாறிக்கு 1 கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

மூலநிரல் கையில் இல்லையென்றால், லினக்ஸில் முதலில் முயல வேண்டியது எஸ்டிடிபஃப் கட்டளை. குனு கோர்யூட்டில்ஸ் தொகுப்பில் வரும் இது, சேய் நிரல் தொடங்கும்போதே ஒரு சிறு நூலகத்தை முன்கூட்டி ஏற்றி, சி நூலகத்தின் பஃபர் நிலையை மாற்றிவிடுகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், எங்கே வேலை செய்யாது என்பதும் தெரிந்துவிடும். நூலகத்தையும் தன்னுள்ளேயே சேர்த்து ஸ்டேட்டிக்காக இணைக்கப்பட்ட நிரல், தன் பஃபரைத் தானே அமைத்துக்கொள்ளும் நிரல், சி நூலகத்தின் எழுதும் செயல்கூறுகளையே பயன்படுத்தாத நிரல் ஆகியவற்றில் அது பலிக்காது. ஃபோர்ட்ரான் நூலகத்துக்குச் சொந்தப் பஃபர் இருப்பதால் அங்கும் பயனில்லை.

அதுவும் உதவாதபோது கடைசியாக நாட வேண்டியது போலி டெர்மினல், அதாவது பிடிஒய். சேய் நிரலுக்குப் பைப்பைக் கொடுக்காமல் டெர்மினல்போல் நடிக்கும் ஒரு சாதனத்தைக் கொடுத்தால், அது தன் பயனர் எதிரே அமர்ந்திருப்பதாக எண்ணி வரிக்கு வரி எழுதும். பைத்தானின் பிடிஒய் மாட்யூலும், அதன்மேல் எழுந்த பிஎக்ஸ்பெக்ட் நூலகமும் இதற்கு உதவும். ஆனால் இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு வரி முடிவிலும் கேரேஜ் ரிட்டர்ன் குறி கூடுதலாக வந்து ஒட்டிக்கொள்ளும். சேயின் உள்ளீடான எஸ்டிடிஇன் வழியாக நீங்கள் ஏதாவது அனுப்பினால் அது எதிரொலித்துத் திரும்ப வரும். நிறக் குறியீடுகள், முன்னேற்றப் பட்டைகள் எல்லாம் வெளியீட்டில் கலக்கும். லினக்ஸில் சேய் முடிந்தபின் படித்தால் வெற்றுப் பைட் சரத்துக்குப் பதிலாக உள்ளீடு-வெளியீட்டுப் பிழை எழும். அதையே முடிவின் அடையாளமாகக் கொள்ள வேண்டும். விண்டோஸில் இதற்கு ஒப்பான கான்பிடிஒய் வசதி 2018-இல் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் வந்தது; பைவின்பிடிஒய் என்ற நூலகம் வழியாக அதை அடையலாம். வேறு வழி இருக்கும்வரை நான் பிடிஒய் பக்கம் போவதில்லை.

கேள்வியில் நேரடியாக இல்லாவிட்டாலும், பல மணி நேரம் ஓடும் நிரலுக்கு அவசியம் என்பதால் எஸ்டிடிஎர்ர் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதையும் பைப்புக்கு அனுப்பிவிட்டு யாரும் படிக்காமல் விட்டால், ஒரு கட்டத்தில் இரு நிரல்களும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடும். லினக்ஸில் ஒரு பைப்பின் இயல்பான கொள்ளளவு 65,536 பைட், கெர்னல் 2.6.11-க்கு முன் அது ஒரே ஒரு நினைவகப் பக்கம் அளவே இருந்தது. எச்சரிக்கைச் செய்திகள் அந்த அளவை நிரப்பியதும் சேய் நிரல் எழுத முடியாமல் நிற்கும், தாய் நிரலோ எஸ்டிடிஅவுட்டில் அடுத்த வரிக்காகக் காத்திருக்கும். சோதனையின்போது பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது. இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் பார்க்கும்போது இரு நிரல்களும் அசையாமல் இருக்கும். ஆகவே எஸ்டிடிஎர்ரை எஸ்டிடிஅவுட்டுடனேயே இணைத்துவிடுங்கள், அல்லது அதற்கென இன்னொரு த்ரெட் வையுங்கள், அல்லது ஒரு கோப்புக்கு அனுப்பிவிடுங்கள். எஸ்டிடிஇன் தேவையில்லை என்றால் அதற்கு, எப்போதும் காலியாக இருக்கும் டெவ்நல் கொடுங்கள். உள்ளீடு கேட்டு நிற்கும் பழக்கம் சில நிரல்களுக்கு உண்டு.

முடிவை அறிவதிலும் கவனம் வேண்டும். சேய் முடிந்துவிட்டதா என்று கேட்கும் போல் என்ற அழைப்பு, இன்னும் இல்லை என்பதற்கு நன் தந்துகொண்டிருக்கும்வரை சுழன்று, அது நின்றதும் வெளியேறும் நிரல்களை அடிக்கடி பார்க்கிறேன். சேய் நிரல் முடிந்த நொடியில் அதன் கடைசி வரிகள் பைப்பிலேயே இருக்கக்கூடும். நீண்ட கணக்கீட்டின் விடை பெரும்பாலும் அந்தக் கடைசி வரிகளில்தான் இருக்கும். இப்படி வெளியேறினால் அதுவே தொலைந்துபோகும். பைப் முடிந்தது என்ற அடையாளம் கியூவில் வரும்வரை படியுங்கள், அதன்பின் வெயிட் அழைத்து வெளியேற்ற எண்ணைப் பாருங்கள். இதற்கு எதிர்மாறான நிலையும் உண்டு. சேய் நிரல் தானே இன்னொரு நிரலைத் தொடங்கியிருந்தால் பைப்பின் எழுதும் முனை அந்தப் பேரனிடமும் இருக்கும். சேய் மடிந்தாலும் பேரன் இருக்கும்வரை முடிவு அடையாளம் வராது. ஆகவே சாளரத்தில் நிறுத்து என்ற பொத்தான் வைத்திருந்தால், லினக்ஸில் ஸ்டார்ட் நியூ செஷன் என்ற அளவுருவுடன் சேயைத் தொடங்கி, நிறுத்தும்போது கில்பிஜி மூலம் குழு முழுவதையும் முடியுங்கள். விண்டோஸில் டெர்மினேட் அழைப்பு சேயை மட்டுமே முடிக்கும். அங்கே டாஸ்க்கில் கட்டளையை ஸ்லாஷ் டீ, ஸ்லாஷ் எஃப் விருப்பங்களுடன் அழைத்தால் கிளைகளும் சேர்ந்து முடியும்.

தமிழில் செய்தி எழுதும் நிரல்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். கி என்ற எழுத்து ககரமும் இகரக் குறியும் சேர்ந்தது என்பதால் ஆறு பைட். வரி வரியாகப் பைட்களைப் படித்து, முழு வரியையும் ஒன்றாக உரையாக மாற்றினால் சிக்கல் வராது, ஏனெனில் வரி முடிவுக் குறியின் பைட் வேறெந்த எழுத்தின் நடுவிலும் வருவதில்லை. ஓஎஸ் ரீட் மூலம் துண்டு துண்டாகப் படிப்பவர்களுக்கு, துண்டின் விளிம்பு ஓர் எழுத்தின் நடுவில் விழுந்து பிழை எழும். கோடெக்ஸ் மாட்யூலின் இன்கிரிமென்டல் டிகோடர் அந்த அரைகுறைப் பைட்களை அடுத்த துண்டு வரும்வரை வைத்திருந்து இணைத்துக்கொள்ளும். விண்டோஸில் போபெனுக்கு என்கோடிங் அளவுருவை வெளிப்படையாக யுடிஎஃப்-8 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் இன்று பரவலாகப் புழங்கும் பைத்தான் பதிப்புகள் அந்தக் கணினியின் வட்டார என்கோடிங்கை எடுத்துக்கொள்ளும்.

முதலில் கேட் சோதனையைச் செய்யுங்கள். அதன் முடிவையும், சேய் நிரல் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதையும் தெரிவித்தால், மேலே சொன்ன வழிகளில் உங்களுக்கு எது பொருந்தும் என்று திட்டவட்டமாகச் சொல்கிறேன்.